சொதன்: அறுப்பதும் அறுதியிடுவதும்

2024 டிசம்பர் 3 இரவு, தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 11 மணிக்கு நடைமுறைக்கு வந்த முதல் ஆணையின் ஐந்தாம் பிரிவு மருத்துவர்களைப் பற்றியது. பயிற்சி மருத்துவர்கள் உட்பட, வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களும் பணியிடத்தை விட்டு விலகியவர்களும் 48 மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் இராணுவச் சட்டப்படி 'சொதன்' செய்யப்படுவார்கள் என்றது அந்தப் பிரிவு.

கொரியர்களைத் திடுக்கிட வைத்த சொல் அது. 'தண்டிக்கப்படுவர்' என்று தமிழில் எழுதிவிட்டுக் கடந்து போகலாம். பொருள் தவறாகாது. ஆனால் அந்த இரவின் அச்சம் முழுவதும் அந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடும். தண்டனைக்குக் கொரிய மொழியில் 'சொபொல்' என்ற சாதாரணச் சொல் இருக்கிறது. ஆணையை எழுதியவர்கள் அதை விட்டுவிட்டு 'சொதன்' என்று எழுதினார்கள்.

சீன எழுத்துகளிலிருந்து கொரிய மொழிக்கு வந்த ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. 'சொ' என்றால் ஒரு காரியத்தைக் கையாளுதல், அதற்கு ஒரு முடிவு செய்தல். 'தன்' என்றால் வெட்டுதல். இரண்டும் சேர்ந்தால் 'முடிவு செய்து வெட்டுதல்'. அகராதி தரும் பொருள் இத்தனை கூர்மையானதன்று: உறுதியான முடிவெடுத்து ஒருவர் மீதோ ஒன்றின் மீதோ நடவடிக்கை எடுத்தல். ஆனால் காதில் விழும்போது வெட்டு முந்திக்கொள்கிறது.

'தன்' என்ற இந்த அசையைக் கொரிய மொழியில் எங்கும் காணலாம். உணவை வெட்டினால் 'தன்ஷிக்', அதாவது உண்ணாநோன்பு. வடக்கும் தெற்குமாக நாடு வெட்டுண்டு கிடப்பது 'புந்தன்'. தயக்கத்தை வெட்டி எடுக்கும் முடிவு 'கியொல்தன்'. மருத்துவர் நோயை இன்னதென்று அறுதியிட்டுச் சொல்வது 'ஜிந்தன்'. முதல் அசையான 'சொ' மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டிலும் இருக்கிறது; அதன் பெயர் 'சொபங்'. நோயைக் கண்டறியும் சொல்லில் ஒரு பாதி, மருந்து எழுதும் சொல்லில் மறு பாதி. மருத்துவர்களை மிரட்டிய சொல்லின் இரண்டு பாதிகளும் அவர்கள் நாள்தோறும் புழங்குபவைதாம்.

வெட்டுவதும் முடிவெடுப்பதும் ஒன்று என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அறுப்பது அறு, முடிவாகச் சொல்வது அறுதி. எல்லை வகுத்தால் வரையறை. தயங்காமல் பேசுபவரை 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்கிறோம். கொரியச் சொல்லின் உள்கட்டு தமிழனுக்கு எளிதில் பிடிபடும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு மூன்று வாழ்க்கைகள் உண்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

முதலாவது விடுதலைப் போராட்டத்தில். 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங் கன், கொரியாவின் முதல் ஜப்பானியத் தலைமை வதிவாளராக (ரெசிடென்ட் ஜெனரல்) இருந்த இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக் கொன்றார். கொரியர்கள் அதைச் 'சொதன்' என்கிறார்கள். 'அம்சல்' என்ற சொல்லும் இருக்கிறது. இருளில் கொல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். அதை ஆன் ஜுங் கன்னுக்குப் பயன்படுத்தினால் பல கொரியர்களுக்குக் கோபம் வரும். விசாரணையில் அவர் தம்மைக் கொரிய விடுதலைப் படையின் தளபதி என்றும், போர்க் கைதியாகவே தம்மை நடத்த வேண்டும் என்றும் வாதிட்டார். ஒரு மக்களின் பெயரால் தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது என்பதே இங்கே சொல்லின் உட்பொருள். எனவே 'பழிவாங்கல்' என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை. பழிக்குப் பழி இரண்டு பேருக்கு இடையிலானது. சொதனில் மூன்றாவதாக ஓர் அதிகாரம், அல்லது அறத்தின் உரிமை, நின்றுகொண்டிருக்கிறது.

இரண்டாவது சட்டக் கல்லூரிப் பாடத்தில். சட்டம் ஒரு குற்றத்துக்குப் பொதுவாக விதிக்கும் தண்டனை ஒன்று. தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள காரணங்களைக் கணக்கிட்டபின் நீதிபதிக்குக் கிடைக்கும் வரம்பு இன்னொன்று. அந்த வரம்புக்குள் அவர் அறிவிப்பது மூன்றாவது. நடுவில் இருப்பதன் பெயர் 'சொதன்ஹியொங்'. இங்கே இரத்தமும் இல்லை, மிரட்டலும் இல்லை. 'வரையறுத்த தண்டனை' என்று தமிழில் சொன்னால் போதும். அறு என்ற வேரும் உள்ளே இருந்துவிடும்.

மூன்றாவது வாழ்க்கை இராணுவ ஆணைகளில். 1980 மே 17 அன்று இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது வெளியான பத்தாவது ஆணை, மீறுவோரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்து, அடைத்து, சோதனையிட்டு, 'கடுமையாகச் சொதன்' செய்வோம் என்று முடிந்தது. அடுத்த நாள் குவாங்ஜு நகரில் மாணவர்கள் எழுந்தார்கள். படை அவர்களைச் சுட்டுக் கொன்று ஒடுக்கியதை அந்நாடு இன்றும் மே 18 என்ற தேதியைச் சொல்லியே நினைவுகூர்கிறது. 44 ஆண்டுகளுக்குப் பிறகு அதே சொல் அதே வகை ஆணையில் திரும்பி வந்தது. அதைப் படித்தவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. பொருளை 1980 ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது.

2025 ஜனவரி 23 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நடந்த, யூனின் பதவிநீக்க விசாரணையில் இந்த மருத்துவர் பிரிவைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்போதைய பாதுகாப்பு அமைச்சரிடம் அதை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டதையும், 'கியெகோ'வாக, அதாவது எச்சரிக்கை அறிவிப்பாக இருக்கட்டும் என்று அவர் சொன்னதையும், தாமும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டதையும் யூனே கூறினார். என்னால் இதை எளிதில் கடக்க முடியவில்லை. எழுதியவர்களுக்கு எச்சரிக்கை, படித்தவர்களுக்குத் தலைக்கு மேல் தொங்கும் வாள். 'கியெகோ'வின் முதல் அசையும், இராணுவச் சட்டத்தைக் குறிக்கும் 'கியெஒம்' என்ற சொல்லின் முதல் அசையும் ஒன்றே. விழிப்பாயிரு என்பது அதன் பொருள். பௌத்தத்தில் 'சீலம்' என்பதையும் அந்த எழுத்தாலேயே எழுதினார்கள். தன்னைத்தான் காத்துக்கொள்ளச் சொன்ன எழுத்து பிறரை அச்சுறுத்தும் ஆணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தீர்த்தல்' முதலில் நினைவுக்கு வரும். தீர்ப்பும் அதிலிருந்து பிறக்கிறது, தீர்த்துக்கட்டுவதும் அதிலிருந்து பிறக்கிறது. முடிவும் கொலையும் ஒரே வேரில் என்பது கொரியச் சொல்லுக்கு மிக நெருக்கம். ஆனாலும் 'தீர்த்துக்கட்டுவோம்' என்பது அடியாளின் குரல். அரச முத்திரையிட்ட ஆணை அப்படிப் பேசாது. 'கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதோ நாம் அன்றாடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனது. அதைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை.

என் தேர்வு 'ஒறுத்தல்'. இன்று தவக்காலத்தில் கிறித்தவர்கள் தம்மைத்தாமே வருத்திக்கொள்ளும் முயற்சிக்கே பெரும்பாலும் இச்சொல் வழங்குகிறது. குறளில் அது அரசனின் சொல். 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்ற 550ஆம் குறளில் வேந்தன் கொடியவர்களைக் கொல்கிறானா, தண்டிக்கிறானா? பரிமேலழகர் 'கொலையின்' என்பதை 'ஒறுத்தல்' என்பதோடு சேர்த்து, கொலைத் தண்டனை என்றே பொருள் கொள்கிறார். கொலையைவிடக் கொடிய செயல் செய்தவரைத் தண்டித்தல் என்று படிப்பவர்களும் உண்டு. உயிர் போகுமா, போகாதா என்ற அதே ஐயம் நம் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. சியோலில் அந்த இரவு படித்தவர்களை உலுக்கியது அந்த ஐயந்தான்.

வேறுபாடும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 561ஆம் குறள் 'தக்காங்கு நாடி' என்று தொடங்கி 'ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்று முடிகிறது. நாடி ஆராய்ந்த பின்னரே ஒறுப்பு. பிடியாணையே தேவையில்லை என்ற ஆணையில் நாடுதலுக்கு இடம் ஏது? 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கியபோது, எச்சரிப்பதற்காக இராணுவச் சட்டம் கொண்டுவருவது அச்சட்டத்தின் நோக்கமே அன்று என்றார்கள். மருத்துவர் பிரிவு தொழில் உரிமையை மீறுகிறது என்றும் சொன்னார்கள்.

ஆகவே அந்த ஐந்தாம் பிரிவின் கடைசி வரியை நான் இப்படித்தான் தமிழில் எழுதுவேன்: 'மீறுவோர் இராணுவச் சட்டப்படி ஒறுக்கப்படுவர்.'