டியூப்லைட் நெளியாத ஸ்பீக்கர் பெட்டி

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். எம்.டி.எஃப். பலகையில் ஸ்பீக்கர் பெட்டி செய்து, ஸ்ப்ரே கன்னால் கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார். "பளபளப்பு வந்துவிட்டது, ஆனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கிறது. எங்கள் ஆயா (பாட்டி) வீட்டு முற்றத்துச் சுவரிலேயே முகம் தெரியும். விலை உயர்ந்த ஸ்பீக்கர்களில் அந்தக் கண்ணாடி மினுமினுப்பு எப்படி வருகிறது?"

பளபளப்பு வேறு, சமம் வேறு. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பின் கீறல்கள் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒளி சிதறாமல் திரும்பும், அதுதான் பளபளப்பு. தம்பியின் பெட்டியில் அது சரியாகவே இருக்கிறது. குறை, மில்லிமீட்டர் அகலமுள்ள மேடுபள்ளங்களில். அவற்றில் டியூப்லைட்டின் பிம்பம் நெளியும். கறுப்பில் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் போலத்தான் திரும்புகிறது. ஆனால் அடியிலிருந்து வேறு ஒளி எதுவும் வந்து அதை மறைப்பதில்லை. அதனால் சின்ன நெளிவும் தப்பாமல் தெரிந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கன்னிலிருந்து வரும் துளிகள் பலகையில் சின்னச் சின்ன மேடுகளாக உட்காருகின்றன. பரப்பு இழுவிசை அவற்றை இழுத்துச் சமமாக்கப் பார்க்கிறது, பெயிண்டின் பிசுபிசுப்பு தடுக்கிறது. தின்னர் ஆவியாகி பெயிண்ட் இறுகுவதற்குள் சமமாகிவிட வேண்டும். மேட்டுக்கும் மேட்டுக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், சமமாக ஆகும் நேரம் 16 மடங்கு! அகன்ற மேட்டில் வளைவு குறைவு, அதனால் இழுப்பும் குறைவு. பெயிண்ட் போகவேண்டிய தூரமோ அதிகம். ஈரப் படலம் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் நேரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பலகையை ஒட்டிய பெயிண்ட் நகராது, தள்ளி இருப்பதுதான் தாராளமாக ஓடும்.

சித்திரை வெயிலில், மத்தியானம், கன்னைத் தூரத்தில் பிடித்து மெல்லிசாக அடித்தால் என்ன ஆகும்? துளி பாதி காய்ந்தே வந்து விழும். அதிகாலையில், மெதுவாகக் காயும் தின்னரோடு, கொஞ்சம் கிட்டே வைத்து ஈரமாக அடிக்க வேண்டும். நிற்கும் பக்கத்தில் அப்படி அடித்தால் வழியும். அதனால் பெட்டியைப் படுக்கவைத்து, மேலே பார்க்கும் பக்கத்தை மட்டும் அடித்து, காய்ந்ததும் திருப்ப வேண்டும். மழை நாளில் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும்.

ராகுகாலம் பார்த்து வேலை தொடங்கும் பட்டறைகளை எனக்குத் தெரியும். அங்கே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி இருந்தால் எவ்வளவு பெயிண்ட் மிச்சமாகும் என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, காரைக்குடியில் 1953-ல் இயங்கத் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது. துருவைத் தடுக்கும் பூச்சுகளெல்லாம் அங்கே ஆராயப்படுகின்றன. அந்த அறிவு பட்டறை வரை வந்து சேர அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆயா வீட்டுச் சுவரில், முட்டை வெண்கரு சேர்ந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்தே சமமாக்கினார்கள். ஆத்தங்குடியில் செய்யும் தரைக் கல்லுக்கு அந்தப் பாடுகூட இல்லை. கண்ணாடிமேல் சிமெண்ட் கலவையை ஊற்றுவதால் கண்ணாடியின் சமம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

ஸ்பீக்கர் பெட்டிக்கு ஊற்ற வழியில்லை, தேய்க்கத்தான் வேண்டும். உயர்ரகப் பெட்டிகளிலும் தடிமனாகப் பூசி, அப்புறம் தேய்த்துத்தான் எடுக்கிறார்கள். தம்பி, பெயிண்ட் நன்றாக இறுகட்டும். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தட்டையான கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேடுகள் முதலில் மங்கி, சாம்பல் நிறத்தின் நடுவே பளபளக்கும் புள்ளிகள் மிஞ்சும். அவைதான் பள்ளங்கள். கடைசிப் புள்ளி மறைந்ததும் நிறுத்துங்கள். விளிம்பில் மட்டும் கை அழுந்த வேண்டாம், பெயிண்ட் அறுந்து பிரைமர் தெரிந்துவிடும். பிறகு இன்னும் நைசான 2000, 3000 நம்பர் தாள்கள், அதன்மேல் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை. மங்கின இடத்தில் டியூப்லைட் மெல்ல மெல்லத் திரும்பி வரும், இந்தத் தடவை நேர்க்கோடாக.