லிண்டலில் நின்ற டிரில்

ஜன்னலுக்குத் திரை மாட்டலாம் என்று கிருஷ்ணகிரி கடையில் வாங்கிய டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன். பூச்சு மாவாக உதிர்ந்தது. அரை அங்குலம் தாண்டியதும் கிறீச் என்ற சத்தம்தான், மெஷினின் முனையில் மாட்டிய பிட் நகரவே இல்லை. பத்து நிமிடம் தள்ளிவிட்டு வெளியே எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பாய்ந்திருந்தது. கீழே நின்ற கொத்தனார் சிரித்தார்: "லிண்டல்ல போட்டா எப்படிண்ணா எறங்கும்?"

திரைக்கம்பி மாட்டும் இடம் ஜன்னலுக்கு மேலே. அங்கே குறுக்கே போட்டிருக்கும் லிண்டல் செங்கல் இல்லை, கம்பி கட்டிய கான்கிரீட். வீட்டுக்கு வாங்கும் மெஷின் முதலில் தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவி எடுக்கலாம். கல் சீவ வராது, நொறுங்கத்தான் செய்யும். கிரானைட்டுக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்தில் கையால் குழி போடுகிறவரைப் பார்த்திருந்தால் இது புரியும். உளியின் தலையில் ஒரு அடி, உடனே உளியைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடி அடி. அடுத்த அடி புது இடத்தில் விழத்தான் அந்தத் திருப்பல். நடுநடுவே தூளை வெளியே எடுப்பார். மெஷினும் இதே மூன்று வேலையைத்தான் செய்கிறது. அடிப்பது எது என்பதில்தான் வித்தியாசம்.

நான் வாங்கியது சாதாரண ஹேமர் டிரில், கடையில் இம்பாக்ட் டிரில் என்றும் சொல்வார்கள். இரண்டு நாணயங்களின் முகத்தில் பல் வெட்டி, எதிரெதிரே அழுத்தி ஒன்றைச் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பல் மேல் பல் ஏறி, சரிந்து விழும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு அடி. 16 பல், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 48,000 அடி. அட்டைப்பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். ஆனால் பல்லின் உயரம் ரொம்பக் குறைவு. அந்த அடிக்குப் பலம் கொடுப்பது உங்கள் தோள். தள்ளாவிட்டால் பற்கள் ஒழுங்காகக் கவ்வாது, அடியும் விழாது.

ரோட்டரி ஹேமர் வேறு சாதி. அதற்குள் ஒரு சிலிண்டர், அதில் மோட்டார் முன்னும் பின்னும் ஓட்டுகிற பிஸ்டன், அதற்கு முன்னால் எதிலும் கட்டப்படாத ஒரு இரும்புக் குண்டு. இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்றுதான். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அமுக்கினால் எதிர்த்துத் தள்ளுமே, அந்தக் காற்றுதான் குண்டைத் தூக்கி எறிகிறது. சிறிய மெஷினில் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 ஜூல்: ஒரு கிலோ படிக்கல் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடியின் ஆற்றல். எஸ்டிஎஸ் பிளஸ் எனும் பள்ளம் வெட்டிய பிட்டை இது இறுக்கிப் பிடிப்பதில்லை. பிட் முன்னும் பின்னும் வழுக்க இடம் இருப்பதால் அடி முழுசாக நுனிக்குப் போகிறது. நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், முட்டித் தள்ள வேண்டாம்.

எதை வாங்குவது? நசுக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். சுமாரான செங்கல் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்கும். எம்20 எனும் தரத்துக் கான்கிரீட் 20. கிரானைட் 100-ஐத் தாண்டும். வருஷத்துக்கு நாலைந்து ஓட்டை, அதுவும் செங்கல் சுவரில் என்றால் 13 மில்லிமீட்டர் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள 600 வாட் ஹேமர் டிரில் தாராளம். மரம், இரும்பு, ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் ஆகும். லிண்டலில் ரெண்டு ஓட்டைக்காக ரோட்டரி வாங்குவது வீண்செலவு என்பேன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடே பழைய கருங்கல் சுவர் என்றால் மட்டும் யோசிக்காமல் ரோட்டரி.

ஹாலோ பிளாக்கிலும் டைல்ஸிலும் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் போடுங்கள். அடி விழுந்தால் பிளாக்கின் உள்பக்கம் பெயர்ந்து போகும், ஸ்க்ரூவுக்காக ஓட்டையில் செருகும் ராவல் பிளக் பிடிக்காது, டைல்ஸோ விரிசல் விட்டுவிடும்.

என் ஜன்னலுக்கு எலக்ட்ரீஷியன் ரோட்டரியோடு வந்தார். முதல் ஓட்டையில் வந்த தூளை விரலில் தொட்டுக் காட்டினார்: சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாக வந்தால் கான்கிரீட், தூள் நின்று மினுமினுவென்று வந்தால் கம்பி, உடனே நிறுத்திவிட்டு ரெண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். எங்களுடையது சாம்பல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.