கருப்பு ஸ்கிரீன்ல எழுத்து வந்தா உடனே ஃபார்மேட் வேணாம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து சர்வீஸுக்கு வர்ற சிஸ்டம்ல பாதிக்கு ஒரே கம்ப்ளைன்ட்தான், "அண்ணே விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மேட் அடிச்சுக் குடுங்க". ஆன் பண்ணிப் பாத்தா கருப்புல ரெண்டு வரி எழுத்து நிக்கும். விண்டோஸ் எங்கயும் போகலங்க, அத எழுப்பிவிடுற பூட்லோடர்தான் நடுவழில நிக்குது. பிள்ளைங்க போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் உள்ள பத்திரமாத்தான் இருக்கும், ஃபார்மேட் அடிச்சாத்தான் போகும்.

பவர் பட்டன அமுக்குனதும் மதர்போர்டு சிப்புல இருக்குற பயாஸ்ங்கற குட்டி புரோகிராம் ஓடி ரேம், டிஸ்க் எல்லாம் இருக்கான்னு பாக்கும். அப்பறம் டிஸ்க்கோட மொத செக்டார், வெறும் 512 பைட், அத மட்டும் எடுத்து ரேம்ல 7சி00ங்கற அட்ரஸ்ல வச்சு ஓடவிடும். அதுல கடைசி ரெண்டு பைட் ஹெக்ஸ்ல 55, ஏஏன்னு இருக்கணும், அதுதான் பூட் செக்டாருக்கு அடையாளம். அந்த ரெண்டும், டிஸ்க்க எப்படிப் பகுதி பகுதியா (பார்ட்டிஷன்) பிரிச்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிளுக்கு 64 பைட்டும் போக புரோகிராமுக்கு மிச்சம் 446தான். இத்தினியூண்டு எடத்துல கெர்னல, அதாவது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓஎஸ்ஸோட மையப் புரோகிராம, லோட் பண்ற வேலையெல்லாம் அடங்காது, அதனால இந்தத் துண்டு போய் அடுத்த பெரிய துண்ட மட்டும் இழுத்துட்டு வரும். ஆழம் பத்தாம விசைப்படகு தள்ளி நிக்கிறப்ப நாம வத்தைல போய் ஏறுறோம்ல, அந்த மாதிரி.

லினக்ஸ்ல அந்தப் பெரிய துண்டு பேரு க்ரப். அது கெர்னலையும் ஆரம்பத்துக்கு வேண்டிய டிரைவர் இருக்குற இனிட்ஆர்டியையும் ரேம்ல ஏத்தி, சிஸ்டம் ஃபைலெல்லாம் இருக்குற ரூட் பார்ட்டிஷன் எதுன்னு ஒரு வரியும் குடுத்துட்டு கெர்னலுக்குள்ள தாவிரும், அதோட அதுக்கு வேல முடிஞ்சுது. கெர்னல் சுருங்கிக் கெடக்குற தன்னையே விரிச்சுக்கிட்டு, டிரைவர எழுப்பி, டிஸ்க்க மவுன்ட் பண்ணி, மத்த புரோகிராமக் கெளப்பிவிடுற இனிட்ட 1ஆம் நம்பர் ப்ராசஸா ஓட்டும்.

இப்ப அரசு குடுத்த பழைய லேப்டாப்புக்கு வருவோம். அதுல விண்டோஸோட பாஸ்ங்கற இந்திய லினக்ஸும் சேந்து வந்துச்சு. தொண்டிலருந்து ஒரு காலேஜ் பொண்ணு கொண்டு வந்துச்சு, எடம் பத்தலன்னு விண்டோஸ்லருந்தே லினக்ஸ் பார்ட்டிஷன அழிச்சிருக்கு, மறுநாள் ஆன் பண்ணுனா "க்ரப் ரெஸ்க்யூ"ன்னு நிக்குது, ப்ராஜக்ட் ரிப்போர்ட் முழுக்க அதுக்குள்ள, ஒரு கடைல ஃபார்மேட்தான் வழின்னு சொல்லிட்டாங்களாம். நடந்தது இதுதான்: மொத செக்டார்ல இருந்த க்ரப் துண்டு அப்படியே இருக்கு, அது தேடிப் போற மிச்ச ஃபைல்தான் அழிஞ்சுபோன பார்ட்டிஷன்ல இருந்துச்சு. விண்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" குடுத்தா அந்த 446 பைட் மட்டும் மாறும், பார்ட்டிஷன் டேபிளத் தொடாது. ரீஸ்டார்ட் பண்ணுனதும் விண்டோஸ் வந்துருச்சு, ரிப்போர்ட்டும் இருந்துச்சு.

புது மெஷின்ல பயாஸுக்குப் பதிலா யுஇஎஃப்ஐ. அங்க இஎஸ்பின்னு ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன்ல பூட்லோடர் ஒரு ஃபைலாவே கெடக்கும், டிரைவ் லெட்டர் இல்லாம இருக்கேன்னு தயவுசெஞ்சு அத அழிச்சிராதீங்க.

நம்ம ஊருக்குன்னே இன்னொண்ணு, உப்புக்காத்து. மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி ஹோல்டர்ல பச்ச பூத்துரும், பேட்டரியும் டவுன் ஆயிரும். அப்ப தேதி பழைய வருஷத்துக்குப் போறதோட பயாஸ் செட்டிங்கும் டீஃபால்ட்டுக்குத் திரும்பிரும், லெகஸில, அதாவது பழைய பயாஸ் முறைல, போட்ட விண்டோஸ யுஇஎஃப்ஐல தேடுனா எங்க கெடைக்கும்? அதனால பயாஸுக்குள்ள போனதும் மொதல்ல தேதியப் பாருங்க. தப்பா இருந்தா பேட்டரிய மாத்தி, பூட் மோட, டிஸ்க் பேசுற முறையான சாட்டா மோட பழையபடி வச்சாலே பல சிஸ்டம் ஏறிரும். விண்டோஸ் 11ல டிஸ்க்கப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா மட்டும் செட்டிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி 48 எண் ரெக்கவரி கீய எடுத்து வச்சுக்கங்க, பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும்.

சர்வீஸுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி அந்தக் கருப்பு ஸ்கிரீன செல்லுல ஒரு போட்டோ எடுத்துருங்க, எந்த எடத்துல நின்னுச்சுன்னு அந்த வரியே சொல்லிரும். ஹார்ட் டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் கேட்டா மட்டும் திரும்பத் திரும்ப ஆன் பண்ணாம பவர எடுத்துருங்க, அது பூட்லோடர் பிரச்சன இல்ல.