நேரத்தை எழுதிக் கொடுத்தால் வீடியோவை வெட்டித் தரும் கணினி

புளியந்தோப்பில் எங்கள் கேரம் கிளப் இருப்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில். நடுவில் போர்டு, அதற்கு மேல் தாழத் தொங்கும் ஒரு பல்பு. பல்புக்குப் பக்கத்தில் போனைக் கவிழ்த்துக் கட்டி, ஞாயிறு மாலை ஆட்டங்களைப் பதிவு செய்துவருகிறேன். மூன்று மணி நேரப் பதிவில் பார்க்கத் தகுந்தது பதினைந்து நிமிடம் தேறும். மீதியெல்லாம் காய் அடுக்குவது, பவுடர் தூவுவது, டீ வருவது, ஃபவுலா இல்லையா என்ற வாக்குவாதம். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பிரித்தெடுக்க முன்பெல்லாம் எனக்குப் புதன்கிழமை வரை ஆகும். எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலே என் பழைய லேப்டாப் திணறிவிடும்.

வழி ஸ்கோர் நோட்டிலேயே இருந்தது. ஸ்கோர் எழுதும் அண்ணன் நல்ல அடி ஒன்று விழுந்தால் ஓரத்தில் மணியையும் குறித்துவைப்பார்: ‘6:42:36, ரெட் அண்ட் ஃபாலோ’. பதிவு தொடங்கியது 6:05:10க்கு. கழித்தால் 37 நிமிடம் 26 நொடி. வீடியோவில் அந்த ரெட் குழியில் விழுவது சரியாக அங்கேதான். முன்னால் எட்டு நொடி, பின்னால் ஐந்து நொடி விட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இப்படி எழுதுகிறேன்:

00:37:18 00:37:31 ரெட் அண்ட் ஃபாலோ

இப்படி ஓர் ஆட்டத்துக்கு முப்பது, நாற்பது வரிகள். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒவ்வொரு வரியையும் படித்து, தொடக்கம், முடிவு, பெயர் என மூன்றாகப் பிரித்து, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளிடம் கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டு ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளை வரியை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இன்னொரு நிரல் அதை வேலை வாங்க முடிகிறது. வெட்டிய துண்டுகளின் பெயர்களை இன்னொரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அதுவே ஒட்டியும் தருகிறது.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியும், டேப் தயாரித்த மெமோரெக்ஸும் சேர்ந்து 1971இல் தொடங்கிய சிஎம்எக்ஸ் நிறுவனம் இந்த வழியில்தான் போனது. மலிவான நகலை வைத்து எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்வார்கள். அந்த முடிவுகள் மட்டும் எண்களாக ஒரு பட்டியலில் ஏறும். வாடகை அதிகமான எடிட்டிங் அறைக்கு அந்தப் பட்டியல் போகும். அங்கே இயந்திரம் மூல டேப்பிலிருந்து படத்தைக் கோக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மூலப் பதிவில் யாரும் கை வைப்பதில்லை என்பது. தவறு நேர்ந்தால் பட்டியலைத்தான் திருத்துகிறோம்.

ஆனால் முதல் முறை ஓட்டியபோது எல்லாத் துண்டுகளும் தப்பாக வந்தன. 37:18இல் தொடங்கச் சொன்னால் 37:10இலிருந்து ஓடியது. ஒரு பிளேயரில் படம் உறைந்து நிற்க, குரல் மட்டும் கேட்டது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பிழை எதுவும் இல்லை. காரணம் வீடியோவுக்குள் இருந்தது.

முழு எச்டி படம் ஒன்றில் 1920க்கு 1080 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படமே சுமார் 62 லட்சம் பைட். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு நொடிக்கு 155 எம்பி ஆகிவிடும். எந்தப் போனும் இதை அப்படியே சேமிக்காது. 2003இல் வந்த எச்.264 போன்ற முறைகளில், எப்போதாவது ஒரு படம் மட்டும்தான் முழுதாகப் பதிவாகும். அதைக் கீஃபிரேம் என்கிறோம். அடுத்து வரும் படங்களில் மற்ற படங்களோடு ஒப்பிட்டு என்ன மாறியது என்பது மட்டும் இருக்கும்: ஸ்ட்ரைக்கர் இவ்வளவு நகர்ந்தது, ஒரு கறுப்புக் காய் இங்கிருந்து அங்கே போனது, போர்டு அப்படியே இருக்கிறது. நடுவிலுள்ள ஒரு படத்தைத் தனியே எடுத்தால் எதிலிருந்து மாறியது என்று அதற்கே தெரியாது.

மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டு என்றால் எஃப்எஃப்எம்பெக்கால் கீஃபிரேமில் மட்டும்தான் தொடங்க முடியும். பல போன்கள் நொடிக்கொரு கீஃபிரேம் வைக்கும். அப்படியிருந்தால் பெரிதாகத் தெரியாது. நான் இடம் மிச்சம் பிடிக்கப் பதிவை எக்ஸ்264 வைத்து, அதாவது எச்.264 முறையில் சுருக்கித் தரும் மென்பொருளை வைத்து, சுருக்கியிருந்தேன். நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் அது அதிகபட்சம் 250 படங்கள் இடைவெளியில் ஒரு கீஃபிரேம் வைக்கும், அதாவது பத்து நொடிக்கு ஒன்று. காட்சி சட்டென்று மாறினால் நடுவிலும் ஒன்று வைக்கும். ஆனால் மேலேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு மூன்று மணி நேரமும் அதே போர்டு! காட்சி மாறவே இல்லை. 37:18க்கு முன்னால் இருந்த கடைசி முழுப் படம் 37:10இல்தான்.

துல்லியமாக வெட்ட வேண்டுமானால் மறுபடி சுருக்கத்தான் வேண்டும். 37:10க்குப் போய், எட்டு நொடியின் 200 படங்களையும் ஒவ்வொன்றாக விரித்து, விரித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, 37:18இன் படத்தைப் புதுக் கீஃபிரேமாக எழுத வேண்டும். நேரம் பிடிக்கும், தரமும் ஒரு துளி குறையும். இருந்தாலும் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும்தானே என்று நான் இந்த வழியையே எடுத்துக்கொண்டேன். அப்படியே வெட்டுவது நொடியில் முடியும்தான், ஆனால் ஸ்ட்ரைக்கர் விரலைவிட்டுப் போகும் கணம் முக்கியம் என்றால் அது உதவாது.

படத்தின் எண்ணை எழுதினால் இன்னும் துல்லியம் அல்லவா என்று தோன்றலாம். போன் பதிவுக்கு அதை நம்ப வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி வாங்கும்; நொடிக்கான படங்கள் குறைந்துவிடும். யாராவது போர்டின் மேல் குனிந்தாலே போதும். அதனால் ஃபைலுக்குள் ஒவ்வொரு படத்தோடும் அதைக் காட்ட வேண்டிய நேரமும் சேர்ந்தே பதிவாகிறது. மணி, நிமிடம், நொடி என்று எழுதினால் அந்த நேரத்தோடு பொருந்தும்.

ஒரு யோசனை: பதிவைத் தொடங்கியதும் ஸ்கோர் எழுதுபவரின் கைக்கடிகாரத்தைக் கேமராவுக்குக் காட்டிவிடுங்கள், நொடி முள் தெரிகிற மாதிரி. கழிக்க வேண்டிய எண் அந்தப் படத்திலேயே கிடைத்துவிடும்.

ஸ்ட்ரைக்கர் சத்தத்தைக் கேட்டே வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் முயன்றேன். அமைதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பட்டியல் போட எஃப்எஃப்எம்பெக்கிலேயே வசதி உண்டு. எங்கள் தெருவில் அமைதி ஏது? வாசலில் ஆட்டோ, பக்கத்தில் மேளம். அண்ணனின் நோட்டுதான் சரி.

போன வாரம் வீடியோவைப் பார்த்த சின்னப் பையன் ஒருவன் ஓடிவந்தான். “அண்ணா, ஃபாலோ விழுந்ததும் முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அவர் எதிராளிக்குக் கை கொடுத்தாருல்ல, அது வரல.” டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து 00:37:31ஐ 00:37:35 ஆக்கி மறுபடி ஓட்டினேன். அவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.