தலையில் அடிபட்டவரிடம் ‘ஆட முடியுமா?’ என்று கேட்காதீர்கள்

தலையில் அடிபட்ட வீரரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். “ஒண்ணுமில்ல டாக்டர், ஆடலாம்.” புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தாலும் அதே பதில், பார்வை எங்கோ நிலைகுத்தி நின்றாலும் அதே பதில். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கலங்கிப்போன மூளைக்குத் தான் கலங்கியிருப்பதே பல நேரம் தெரிவதில்லை. தொடைத்தசை கிழிந்தால் வீரரே நொண்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில் அப்படி நடக்காது, ஆடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடமே அடிபட்டிருக்கிறது. மைதான ஓரத்தில் மருத்துவராக நிற்கும் எங்கள் வேலையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இதை உலகமே பார்த்தது. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், 17-வது நிமிடத்தில் அர்ஜென்டினா வீரர் கராயின் தோளில் முகம் மோதிச் சாய்ந்தார். எழுந்தார், ஓடினார், பந்தை வாங்கினார், கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் நிக்கோலா ரிஸ்ஸோலியிடம் போய், இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்டார். நடுவர் ஜெர்மனி அணியிடம் சொன்னபின், 31-வது நிமிடத்தில்தான் கிராமர் வெளியே அழைக்கப்பட்டார். எங்கே ஆடுகிறோம் என்றே புரியாத ஒருவர், உலகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில் கிட்டத்தட்ட 14 நிமிடம் ஆடியிருக்கிறார். கால்கள் பழக்கத்தில் ஓடும். அதைப் பார்த்து ‘நல்லாத்தான் ஆடுறான்’ என்று பயிற்சியாளர் சொன்னால் அதற்கு மருத்துவ மதிப்பு எதுவும் கிடையாது.

தலையோ உடலோ வேகமாக உலுக்கப்படும்போது மூளை நரம்பணுக்களின் வேலை சில நாட்களுக்குத் தாறுமாறாகிறது. அதுதான் மூளை அதிர்வு. அடி தலையிலேயே விழ வேண்டும் என்பதில்லை, நெஞ்சில் வாங்கிய முட்டும் கழுத்து வழியே தலையை உலுக்கலாம். நினைவு தப்புவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “ஸ்கேன் நார்மல், நாளைக்கு ஆடலாம்ல டாக்டர்?” என்று ரிப்போர்ட்டை நீட்டுபவர்களுக்கு நான் சொல்வது: மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்றுதான் இந்தத் தாள் சொல்கிறது, மூளை அதிர்வு இல்லை என்று அல்ல. ஹெல்மெட்டும் இப்படித்தான். மண்டையோட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுத்துவிட முடியாது.

களத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகள் வேறு. ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் உருவாகி எல்லா விளையாட்டுகளுக்கும் பரவிய மேடக்ஸ் கேள்விகள் ஐந்து. இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி நடக்கிறது? கடைசியாக கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தீர்களா? பெயர், பிறந்த தேதியெல்லாம் கேட்டுப் பயனில்லை. அவை ஆழப் பதிந்தவை, மூளை அதிர்ந்தாலும் சரியாகவே வரும். அழிவது அண்மையில் பதிந்த புதிய நினைவுதான். கேட்கும்போது வீரருக்கும் ஸ்கோர்போர்டுக்கும் நடுவில் நான் மறைத்து நிற்பேன். பதில் தெரியாதவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார், அல்லது பக்கத்தில் நிற்கும் சகவீரரின் முகத்தைத் தேடுவார். சகவீரர் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. பரீட்சை ஹாலில்கூட இவ்வளவு நட்பு இருக்காது. ஒரு பதில் தவறினாலும் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது.

பெரிய லீக்குகளில் இப்போது மைதான ஓரத்திலேயே திரை இருக்கிறது, மோதலைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் மோதிய கணத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அதற்கடுத்த ஒரு நொடி போதும். கீழே விழும்போது கை தரையில் ஊன்றப் பார்த்ததா, இல்லை மரக்கட்டை மாதிரி அப்படியே சரிந்தாரா? கைகள் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றனவா? எழுந்ததும் ஓரடி பக்கவாட்டில் போனதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேறு சோதனையே தேவையில்லை, அவர் வெளியே.

எதுவும் தெளிவாகத் தெரியாதபோதுதான் முழுச் சோதனை. ஸ்கேட்-6 என்பது இப்போது உலகெங்கும் பயன்படும் சோதனைத் தாள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் குழு திருத்தி, 2023-ல் வெளியிட்டது. பத்துச் சொற்களைச் சொல்லி மூன்று முறை திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். எண் வரிசையைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒரு காலின் விரல்களுக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். கடைசியில், முதலில் சொன்ன பத்துச் சொற்களை மறுபடியும் கேட்பேன். இதற்கு அமைதியான அறையும் 10 முதல் 15 நிமிடமும் வேண்டும்.

கால்பந்து எங்களுக்குத் தருவது களத்திலேயே 3 நிமிடம். அதுவும் 2014-க்குப் பிறகு வந்ததுதான். ஆயிரக்கணக்கானோர் கத்திக்கொண்டிருக்க, நடுவர் கடிகாரத்தைப் பார்க்க, பயிற்சியாளர் முறைக்க, புல்தரையில் முழங்காலிட்டு அந்த 3 நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

ரக்பி இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தது. 2012-ல் சோதனை முறையில் 5 நிமிடம் கொடுத்தார்கள். போதவில்லை என்று 10 நிமிடமாக்கினார்கள், இப்போது 12. அந்த நேரத்தில் தற்காலிக மாற்று ஆட்டக்காரர் களத்தில் நிற்பார், சோதனையில் தேறினால் அடிபட்டவர் திரும்பலாம். அணிக்கு ஆள் குறையாது, மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையும் வீணாகாது. அதனால் யாரும் என் முதுகில் நின்று அவசரப்படுத்த மாட்டார்கள். நினைவு தப்பியது, வலிப்பு, தள்ளாட்டம், தெளிவான குழப்பம் போன்ற வெளிப்படையான அறிகுறி இருந்தால் சோதனையே கிடையாது, நேராக வெளியே. தேறியவரையும் விட்டுவிடுவதில்லை. ஆட்டம் முடிந்து 3 மணி நேரத்துக்குள் ஒரு சோதனை, 36 முதல் 48 மணி நேரத்துக்குள் இன்னொன்று. மோதலின் விசையை அளக்கும் சென்சார் பொருத்திய பல்காப்பு 2024 முதல் உயர்மட்ட ரக்பியில் வந்துவிட்டது. யாரும் கவனிக்காத மோதலுக்கும் அது மருத்துவருக்குத் தகவல் அனுப்பும்.

கால்பந்து வேறு வழியில் போனது. 2021-லிருந்து சோதனை முறையிலும், 2024 ஜூலையிலிருந்து விதிப் புத்தகத்திலும் கன்கஷனுக்கென்று கூடுதல் மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கிறது. ஆனால் நிரந்தர மாற்று மட்டுமே, போனவர் திரும்ப முடியாது. தற்காலிக மாற்று வேண்டும் என்று வீரர்கள் சங்கமும் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீக்குகளும் கேட்டன, விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. 2023-ல் மறுத்தது. சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், திரும்ப அனுப்பும் வாசலே இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. களத்தில் நடப்பது வேறு. முக்கியமான ஆட்டத்தில் நட்சத்திர வீரரை வெறும் சந்தேகத்துக்காக முழுசாக இழக்க எந்த அணியும் மனமுவந்து சம்மதிக்காது. அந்தத் தயக்கத்தில் அடிபட்டவர் உள்ளேயே நிற்கிறார். 2022 உலகக் கோப்பையில் ஈரான் கோல்கீப்பர் அலிரெசா பெய்ரன்வந்த் சகவீரரோடு முகம் மோதி விழுந்தார். கூடுதல் மாற்று விதி அந்தத் தொடரில் இருந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பின்னும் அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார், கொஞ்ச நேரத்தில் தானாகவே கீழே படுத்துவிட்டார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள்.

ஆனாலும் நிரந்தர மாற்றுதான் சரி என்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதற்குச் சாட்சி கிரிக்கெட். 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனார், சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும். அன்று அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் சப்ஸ்டிடியூட். ஐ.சி.சி. அந்த விதியைக் கொண்டுவந்து மாதம்கூட ஆகவில்லை. (ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஒன்று லபுஷேனின் ஹெல்மெட் கம்பியையும் பதம் பார்த்தது, அவர் எழுந்து நின்று 59 எடுத்தார்.) அறிகுறிகள் இப்படிப் பல மணி நேரம் கழித்தும் வரலாம். தேறியவர் என்றால், அந்த நிமிடத்தில் எதுவும் அகப்படவில்லை என்று மட்டுமே பொருள். இதைத் தெரிந்துகொண்டேதான் தற்காலிக மாற்று வேண்டும் என்கிறேன். தேறியவரில் சிலருக்கு நாளை அறிகுறி வரும் என்பது உண்மை. ஆனால் சோதனைக்கே வராமல் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்கள் அதைவிடப் பெரிய கவலை.

கிரிக்கெட்டில் வேறொரு தலைவலி, ‘அதே வகை ஆட்டக்காரர்’ என்ற நிபந்தனை. 2025 ஜனவரியில் புனே டி20 ஆட்டத்தில், எப்போதாவது பந்துவீசும் சிவம் துபேவுக்குப் பதிலாக முழுநேர வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா இறங்கி 3 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து கேப்டன் ஜாஸ் பட்லர் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். ரசிகர்கள் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் வேறு கவலை. கன்கஷன் மாற்று என்றாலே தந்திரம் என்ற எண்ணம் பரவிவிட்டால், அடுத்த முறை உண்மையாகவே அடிபட்டவரை வெளியே எடுக்கும் மருத்துவர் மேலும் சந்தேகம் விழும். அதே ஆண்டு ஐ.சி.சி. விதியைத் திருத்தியது: விக்கெட் கீப்பர், பேட்ஸ்மேன், வேகம், சுழல், ஆல்ரவுண்டர் என ஐந்து மாற்றுப் பெயர்களை ஆட்டத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், அடிபட்டவர் குறைந்தது 7 நாள் ஆடக் கூடாது. நல்ல திருத்தம்.

அணியைச் சாராத மருத்துவர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஒரு பாடம். சார்பில்லாத நரம்பியல் நிபுணர், மேலிருந்து கண்காணிக்கும் பார்வையாளர், வீடியோ எல்லாம் அங்கே உண்டு. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி டால்ஃபின்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டுவா டாகோவைலோவா தலை தரையில் மோதி, எழுந்து, தள்ளாடிச் சரிந்தார். அது முதுகுவலியால் வந்த தள்ளாட்டம் என்று முடிவாகி, இரண்டாம் பாதியில் திரும்ப ஆடினார். நான்கே நாளில் அடுத்த ஆட்டம். அதில் விழுந்தபோது விரல்கள் விறைத்து முறுக்கிக்கொண்டன, ஸ்ட்ரெச்சரில் போனார். தள்ளாட்டத்துக்குக் காரணம் நரம்பா, வேறா என்று மருத்துவர் தீர்மானிக்க விதியில் இடம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் இது நுழைந்தது. அக்டோபரில் மாற்றினார்கள்: தள்ளாட்டம் தெரிந்தால், காரணம் எதுவானாலும் அன்று ஆட்டமில்லை. என்னைப் போன்றவர்களிடமிருந்து ஒரு தீர்ப்புரிமை பறிபோகிறது, எனக்கு அதில் நிம்மதிதான். உடைமாற்றும் அறையில் “டாக்டர், இன்னும் பத்தே நிமிஷம்” என்று பயிற்சியாளர் கெஞ்சும்போது, “நான் சொல்லல சார், விதி சொல்லுது” என்று முடித்துக்கொள்ளலாம்.

சீசன் தொடங்குமுன் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகப் பதில் சொல்லும் வீரர்களும் உண்டு. பின்னால் அடிபட்டால் மதிப்பெண் குறைந்தது தெரியாதாம். நல்ல யோசனைதான். பத்துச் சொல்லில் இரண்டு மட்டும் ஞாபகம் இருந்த ஆளை அன்றே மறுபடி உட்கார வைப்போம்.

ஒரு ஆட்டத்துக்காக ஏன் இவ்வளவு கெடுபிடி? முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை கட்டுப்பாடில்லாமல் வீங்கிவிடும். பலியாவது பெரும்பாலும் பதின்வயதினர். 2011-ல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்து அடிபட்டும் தொடர்ந்து ஆடி, களத்தில் சரிந்து, பின் மருத்துவமனையில் இறந்தான். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அதிர்வோடு ஆடியவர் குணமாக அதிக நாள் எடுக்கும், தடுமாறி வேறு காயமும் வாங்குவார்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வழக்கம், இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஓரிரு நாள் ஓய்வு, திரையைக் குறைத்துக்கொள்வது, பிறகு மெதுநடை. அங்கிருந்து படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். உடலோடு உடல் மோதும் பயிற்சிக்கு முன் மருத்துவர் ஒப்புதல் வேண்டும்.

மருத்துவரே இல்லாத கிளப்புகளில்தான் பெரும்பாலானவர்கள் ஆடுகிறார்கள். அங்கே 12 நிமிடமும் கிடையாது, வீடியோவும் கிடையாது, ஆகவே திரும்ப அனுப்பும் பேச்சும் கூடாது. சந்தேகம் என்றால் அன்று ஆட்டம் இல்லை. அதைச் சொல்லப்போவது யார் என்று டாஸ் போடுமுன் முடிவு செய்துவிடுங்கள். அது பயிற்சியாளராகவோ, ஆடுபவனின் அப்பாவாகவோ இருக்க வேண்டாம். வெளியே வந்தவரைத் தனியாக விடக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது, அன்று மதுவும் கூடாது. கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவில்லாமல் கிடந்தாலோ தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் மரத்துப்போவது, இரட்டைப் பார்வை இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளை என்றால் ஆட்டத்துக்கு முன் வகுப்பு. முழுநாள் பாடம் கேட்டும் தலை வலிக்காத பிள்ளையைத்தான் மறுபடி பூட்ஸ் போட விடுவோம்.