வாள் வடிவில் ஒரு காகிதம்: மைன்கிராஃப்ட் சர்வர்களில் புதுப் பொருள்கள் தோன்றுவது எப்படி?

மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பில், பலர் சேர்ந்து விளையாடும் பெரிய சர்வர்கள் சிலவற்றில், மூல விளையாட்டில் இல்லவே இல்லாத பொருள்களைப் பார்க்கலாம்: டிராகன் தலை பதித்த வாள், கிடார், சாய்வு நாற்காலி. இதற்காக மாட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) எதையும் நிறுவ வேண்டியதில்லை. நுழையும்போது ரிசோர்ஸ் பேக்கை (படங்களும் உருவங்களும் அடங்கிய கோப்புத் தொகுப்பை) ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். சரி என்றால் போதும்.

இதில் என்னை மிகவும் கவர்வது, அந்த வாளின் வடிவம் எப்படிப்பட்டது என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான். சர்வரின் கணக்கில் அது கேமில் ஏற்கெனவே உள்ள சாதாரணக் காகிதம், கூடவே ஒரு எண். அந்த எண்ணுக்கு எந்த உருவத்தை வரைவது என்று தீர்மானிப்பது உங்கள் கணினியில் ஓடும் கேம்.

உருவம் என்பது பேக்கில் உள்ள ஒரு ஜேசான் கோப்பு, அதாவது தரவை எழுத்துகளாக எழுதி வைத்த கோப்பு. அதற்குள் இருப்பதெல்லாம் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரெதிரான இரண்டு மூலைகள் எங்கே என்று குறித்திருக்கும். கேம் உலகைக் கட்டும் கனசதுரமான பிளாக்கின் பக்கம் 16 அலகு. பெட்டிகள் −16 முதல் 32 வரை நீளலாம், அதாவது மூன்று பிளாக் அளவு. வளைந்த வாள் வேண்டுமா? குட்டிப் பெட்டிகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்க வேண்டும். பல ஆண்டுகள் அந்தச் சாய்வுகூட 22.5 பாகைப் படிகளில்தான் முடிந்தது. இவ்வளவு நெருக்கடிக்குள் அழகான பொருள்களைச் செய்தவர்களின் பொறுமை பெரிது. பெரும்பாலானவர்கள் இதற்கு பிளாக்பெஞ்ச் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணையும் உருவத்தையும் இணைக்கும் வழி படிப்படியாகத்தான் வந்தது. 2016இல் வந்த 1.9 பதிப்பில், ஒரு கருவி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் உருவத்தை மாற்ற முடிந்தது. உடனே சர்வர் நடத்துபவர்கள் வைர மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அது 1561 முறை தேயும். அதை உடையாததாக்கிவிட்டால், ஒவ்வொரு தேய்மான அளவுக்கும் ஒரு புதுப் பொருள்! 2019இல் 1.14 பதிப்பு இதற்கென்றே கஸ்டம் மாடல் டேட்டா என்ற எண்ணைக் கொடுத்தது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேம் அந்த எண்ணைச் சரிசமமாக ஒப்பிடவில்லை. எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்று பேக்கில் ஒரு பட்டியல் இருக்கும்; பொருளின் எண், அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தாலே பொருத்தம். பல பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும். பட்டியலில் 1002ஐ முதலிலும் 1001ஐ அடுத்தும் எழுதினால், 1002 எண் கொண்ட பொருளும் 1001இன் உருவத்தில்தான் தெரியும். ஏறுவரிசையில் எழுதுங்கள் என்று அனுபவசாலிகள் வலியுறுத்தியது இதனால்தான். 2024 டிசம்பரில் வந்த 1.21.4 பதிப்பு இந்த அமைப்பையே மாற்றியது. இப்போது எண்ணுக்குப் பதில் எழுத்துகளால் ஆன பெயரையும் கொடுக்கலாம்.

கோப்புகள் வந்து சேரும் விதம் எளிது. சர்வர் ஒரு ஜிப் கோப்பின் முகவரியையும், அதன் ஷா-1 முத்திரையையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) அனுப்பும். அந்த முத்திரை கொண்ட கோப்பு ஏற்கெனவே கணினியில் இருந்தால் மறுபடி இறக்காது. பேக்கை மறுத்தவருக்கு வாள் வெறும் காகிதமாகவே தெரியும். 1.17 முதல், மறுப்பவர்களைச் சர்வர் உள்ளே விடாமலும் இருக்கலாம்.

சர்வருக்கு வடிவம் தெரியாததன் விளைவு தரையில் வைத்த பொருள்களில்தான் நன்றாகப் புரியும். நாற்காலியைக் காட்ட முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஆர்மர் ஸ்டாண்டின் (கவசம் மாட்டி வைக்கும் தாங்கி) தலையில் அந்தப் பொருளை மாட்டினார்கள், 1.19.4 முதல் அதற்கென, பொருளின் உருவத்தை மட்டும் காட்டும் ஐட்டம் டிஸ்ப்ளே இருக்கிறது. ஆனால் டிஸ்ப்ளேவுக்கு உடலே கிடையாது, யாரும் ஊடுருவி நடக்கலாம். அதனால் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு பிளாக் ஒன்றை வைப்பார்கள். கிளிக்கை வாங்க இன்டராக்‌ஷன் என்ற இன்னொரு மறைவான எண்டிட்டி (பிளாக் அல்லாமல் கேம் உலகில் தனியாக இருக்கும் ஒன்று). நீங்கள் உட்காரும்போது சர்வர் உங்களை ஏதோ ஒரு மறைவான எண்டிட்டியின் மேல் சவாரி ஏற்றிவிடுகிறது.