ஒரு ‘அப்போ’ செய்யும் வேலை

“இவனுக்குக் கோபமே வர மாட்டேங்குது மேடம். சட்டுனு கண்ணு கலங்கிடுது. அப்போ பொண்ணு மாதிரி ஆயிடுவானோ?”

ஒரு அப்பா கேட்டது. (ஆலோசனைக்கு வந்தவர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) பக்கத்தில் 13 வயதுப் பையன், நாற்காலி ரெக்சினில் இருந்த கிழிசலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான்.

இந்த ‘அப்போ’ என் அறையில் அடிக்கடி காதில் விழும் சொல். ஒரு பாடத்தில் ஃபெயில், அப்போ நான் எதற்கும் லாயக்கில்லை. இன்று அவள் பேசவில்லை, அப்போ என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை. இது இல்லையென்றால் அது, நடுவில் எதுவும் இல்லை என்று நினைக்கும் இதற்கு இருமைச் சிந்தனை என்று பெயர். மனச்சோர்வோடு வருகிறவர்களிடம் இந்த முடிச்சைத்தான் மெல்ல மெல்லத் தளர்த்துகிறோம். அதே கணக்கை ஆண், பெண் விஷயத்தில் போட்டால் மட்டும் ‘நல்ல வளர்ப்பு’ என்று பாராட்டு கிடைக்கிறது.

உளவியலும் ஒன்றும் ஒழுங்கில்லை. 1936-ல் டெர்மன், மைல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை, ஆண்மையையும் பெண்மையையும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளில் வைத்தது. இந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தால் அந்தப் பக்கம் ஓரடி போச்சு. 1974-ல்தான் உளவியலாளர் சாண்ட்ரா பெம் இரண்டையும் தனித்தனி அளவுகோலாகப் பிரித்தார். உறுதியும் கனிவும் ஒரே ஆளிடம் நிறைய இருந்தால், அது மதிப்பெண்ணிலும் தெரிந்தது.

அந்த அப்பாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. 1976-ல் வந்த ஓர் ஆய்வை மட்டும் சொன்னேன். பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைப் பார்த்து ஒரு குழந்தை அழும் வீடியோ. ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டியபோது, பார்த்தவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது. பெண் குழந்தை என்றபோது பயமாகத் தெரிந்தது. குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்போ... இவன் அழுறதேகூடக் கோபமா இருக்கலாமா?” பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

சரி, ஆலோசனைக்கு வருகிறவர்கள் நிரப்பித் தரும் என் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒருவர் (‘அவர்’ என்று ஒரு சொல் நம் மொழியில் இருப்பது எவ்வளவு வசதி!) இரண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் டிக் அடித்துக் கொடுத்தார். திருநர் அடையாளத்தை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்த நோய்ப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. என் மேசைக் காகிதம்தான் அப்படியே கிடந்தது.

இப்போது கட்டங்கள் இல்லை, ஒரு கோடு மட்டும். சிலர் காலியாக விடுகிறார்கள். போன மாதம் ஒருவர் அதில் ‘யோசிச்சுட்டு இருக்கேன்’ என்று எழுதியிருந்தார்.